கதிருக்குக் கணக்கு உண்டு, தட்டுக்கு?

மலர்க் குழுத் தம்பிகள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "ஐயா, நம்ம கல்லூரிக்காரங்க எல்லாரும் நினைவுகள்தான் எழுதித் தர்றாங்க. நீங்க ஒரு வரலாற்றுக் கட்டுரை தரணும்" என்றார்கள். "அப்பா, நான் படித்தது உழவியல். வரலாற்றுக்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். விடவில்லை. அவர்கள் போன பிறகு யோசித்தேன். வரலாறு என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பயிர் விஞ்ஞானிகளும் மாட்டு விஞ்ஞானிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க எத்தனை காலம் ஆயிற்று என்கிற வரலாறு. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவரை நான் நேரில் அறிவேன். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் நம் கல்லூரியில் 1971 முதல் 1975 வரை படித்தவன். வெளியே வந்ததும் தாராபுரம் பக்கம் விரிவாக்க அலுவலர் வேலை. சைக்கிள், கையில் ஒரு தோல் பை, பை நிறைய வீரிய ஒட்டுச் சோளத்தைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள். 23 வயதில் ஒருவனுக்கு இருக்க வேண்டிய தன்னம்பிக்கையைவிடச் சற்று அதிகமாகவே எனக்கு இருந்தது.

1977 புரட்டாசியில் ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். நாலு ஏக்கர் தோட்டம், ஒரு ஜோடி காங்கயம் காளை, ஒரு எருமை. வழக்கமாக விதைக்கும் நெட்டைச் சோளத்தை விட்டுவிட்டு ஒட்டுச் சோளம் போடச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"ஏனுங் தம்பி, தட்டு எப்படீங்க வரும்?"

"ஐயா, மகசூல் ரெண்டு மடங்கு வரும். தட்டைப் பற்றி என்ன கவலை?" என்றேன். சரியென்று விதைத்தார்.

தை மாதம் அறுப்பு. நான் சொன்னபடியே சோளம் குவிந்தது. களத்திலேயே எடை போட்டு, படிவத்தை நிரப்பி, மேலிடத்துக்கு அனுப்பினேன். பாராட்டும் வந்தது. அந்தப் படிவத்தில் விதை, உரம், பூச்சி மருந்து, தானிய மகசூல் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தட்டுக்குக் கட்டம் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவும் இல்லை.

பயிர் குட்டை. ஆறு வண்டித் தட்டு வரும் இடத்தில் மூன்றுதான் வந்ததாம். பங்குனியிலேயே போர் காலி. சித்திரையில் கன்னபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அங்கே அந்தப் பெரியவர், தம் காளை ஜோடியின் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "வாங்க தம்பி" என்று சிரித்துவிட்டுச் சொன்னார்: "சோளம் ஊட்டுக்கு வந்துச்சுங்க. மாடு ஊட்ட விட்டுப் போகுதுங்க."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டுக்கொண்ட கேள்விக்கு விடை தேடித்தான் பிற்காலத்தில் நூலகம் நூலகமாக அலைந்தேன். நான்கு ஆண்டு படித்த படிப்பில் ஏன் ஒருவரும் எனக்கு அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை?

இரண்டு வீடு ஆன கதை

நம் நாட்டு உழவனுக்குப் பயிரும் மாடும் ஒரே கணக்கு. கதிர் மனிதனுக்கு, தட்டு மாட்டுக்கு, சாணம் மண்ணுக்கு. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், மேயும் மாடுகள். அங்கே எது பயிர்த் தொழில், எது கால்நடைத் தொழில் என்று கோடு கிழிக்க முடியாது.

கோட்டைக் கிழித்தது நிர்வாகம். 1889-ல் இங்கிலாந்திலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை அனுப்பி இந்திய விவசாயத்தை ஆராயச் சொன்னார்கள். 1893-ல் வெளியான அவருடைய அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. இந்திய உழவன் எதுவும் தெரியாதவன் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. விறகு இல்லாததால்தான் சாணம் எரிகிறது, ஆகவே விறகும் தீவனமும் தரும் காப்புக் காடுகள் வேண்டும் என்றார். மரம், மாடு, மண் மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்த்தவர் அவர்.

ஆனால் நிறுவனங்கள் அந்தச் சங்கிலியைப் பின்பற்றி எழவில்லை. மாட்டு நோய்களுக்காக 1889-ல் புனேயில் ஒரு ஆய்வுக்கூடம். அது 1893-ல் இமயமலைச் சரிவில் முக்தேஸ்வருக்குப் போனது. பயிருக்காக 1905-ல் பீகாரின் பூசாவில் வேறொரு நிறுவனம். நம் மாகாணத்திலும் அப்படியே. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய பண்ணைப் பள்ளியின் மரபு, 1906-ல் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சென்னையில் தொடங்கியது. பயிர்க்காரர்கள் மேற்கே, மாட்டுக்காரர்கள் கிழக்கே, நடுவில் முந்நூறு மைல்!

1926-ல் லின்லித்கோ பிரபு தலைமையில் அமைந்த ராயல் கமிஷன் 1928-ல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1929-ல் பிறந்ததுதான் இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். ஒரே கூரை கிடைத்தது. ஆனால் கூரைக்குள் பயிருக்கு ஒரு பிரிவு, கால்நடைக்கு ஒரு பிரிவு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

நல்ல விதிவிலக்குகளும் உண்டு. 1953-ல் கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர் புல்லையும் இணைத்துக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை உருவாக்கினார்கள். பயிர் இனவிருத்தி அறிந்தவர்கள் மாட்டின் வாயை நினைத்துச் செய்த வேலை அது. அதன் வழிவந்த ரகங்கள் இன்று பால் மாடு வைத்திருக்கும் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் நிற்கின்றன.

குட்டைப் பயிரின் காலம்

1957-ல் மக்காச்சோளத்துக்காக முதல் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் வந்தது. 1965-ல் நெல்லுக்கு, 1969-ல் சோளத்துக்கு. கூட்டு ஆராய்ச்சி என்பதற்கு நம் நாடு உலகத்துக்குக் காட்டிய முன்மாதிரி இது. ஒரே விதையைப் பல மாநிலங்களில் ஒரே முறையில் விதைத்து, முடிவுகளை ஒரே மேசையில் வைத்து விவாதித்தார்கள். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அறுபதுகளின் அரிசிப் பஞ்சத்தை அனுபவித்த குடும்பம் எங்களுடையது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்தது ஊரும் ஊரும்தான். பயிரும் மாடும் அல்ல. 1970-ல் தீவனப் பயிர்களுக்கும் ஒரு திட்டம் வந்தது. அதுவும் மூன்றாவது அடுப்பாகத் தனியே எரிந்தது.

நெட்டை நெல்லில் செடியின் மொத்த உலர் எடையில் தானியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீதி வைக்கோல். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்களில் தானியம் ஏறக்குறைய பாதி. அறுவடைக் குறியீடு என்று இதற்குப் பெயர். தேர்வுக்கு இதை நெட்டுரு போட்டு நல்ல மார்க் வாங்கினேன். மொத்த விளைச்சல் கூடியதால் நெல்லில் வைக்கோல் பெரிதாகக் குறையவில்லை. மழை குறைந்த புன்செய் நிலத்தில் அப்படி இல்லை. அங்கே குறியீடு ஏறியது என்றால் தட்டு இறங்கியது என்று அர்த்தம்.

விவசாயி இதற்குத் தன் வழியில் பதில் சொன்னான். நாட்டின் முதல் ஒட்டுச் சோளம் 1964-ல் வந்தது. மகாராஷ்டிரத்தில் மழைக்கால சாகுபடியில் ஒட்டு ரகங்கள் வேகமாகப் பரவின. ஆனால் மழைக்குப் பிந்திய ராபி பருவத்தில் பழைய மால்தண்டிச் சோளத்தை மக்கள் விடவேயில்லை. ரொட்டிக்கு ருசி ஒரு காரணம், மாட்டுக்குத் தட்டு இன்னொரு காரணம். மேற்கு ராஜஸ்தானில் கம்பு விவசாயிகளும் புது ரகங்களை ஏற்கத் தயங்கினார்கள். அங்கேயும் தட்டுதான் பேச்சு. "விவசாயி பழமைவாதி" என்று அந்தக் காலத்துக் கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவன் பழமைவாதி அல்ல. நம் படிவத்தில் இல்லாத கட்டத்தை அவன் மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தான்.

யூரியாவும் வைக்கோலும்

மாட்டுக்காரர்கள் பக்கம் என்ன நடந்தது? கிடைக்கிற வைக்கோல் மட்டமானது, அதைப் பக்குவப்படுத்துவோம் என்று அவர்கள் புறப்பட்டார்கள். இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் தீவனத் தட்டுப்பாடு. எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற வேதியியலாளர் வைக்கோலைக் காரச் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி மாட்டுக்குத் தரும் முறையைக் கண்டார். செரிமானம் நன்றாகக் கூடியது. ஆனால் காரச் சோடாவை நம் குடியானவன் கையில் கொடுக்க முடியுமா?

எழுபது, எண்பதுகளில் அதற்கு மாற்றாக யூரியா வந்தது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் யூரியாவிலிருந்து அம்மோனியா கிளம்பி நாரை இளக்கும். மாடு கூடுதலாகத் தின்னும், நன்றாகச் செரிக்கும். எண்பதுகளில் இலங்கையில் டச்சு உதவியோடு வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. இந்தியாவிலும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் ஹாலந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த ஆராய்ச்சியை நடத்தின.

அப்போது எனக்கும் ஒரு பயிற்சி கிடைத்தது. திரும்பி வந்ததும் உற்சாகமாக ஒரு கிராமத்தில் செயல்விளக்கம் ஏற்பாடு செய்தேன். யூரியா வாங்கி, பாலிதீன் தாள் வாங்கி, பெண்களைக் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வைத்து, பெரிய ஆர்ப்பாட்டம். எல்லாம் முடிந்ததும் ஒரு அம்மா கேட்டார்: "சாமி, மூணு வாரம் கழிச்சு இதைப் போடலாம், சரிங்க. இன்னைக்குச் சாயங்காலம் மாடு கத்துனா என்னத்தப் போடறது?" கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் பதில் தெரியவில்லை.

இதே பதிலைத்தான் அந்தப் பெரிய திட்டங்களும் கடைசியில் தந்தன. முறையில் தவறு இல்லை. பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறது. வைக்கோல் மிகுதியாக இருந்து, பசுந்தீவனம் இல்லாமல், தண்ணீரும் ஆளும் கிடைத்து, பாலுக்கு நல்ல விலையும் இருந்தால் மட்டுமே அது கட்டுப்படியாகும். எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து இல்லை. 1993-ல் அந்தக் கூட்டு ஆராய்ச்சியின் முடிவுகள் புத்தகமாக வந்தன. தோல்வியை மறைக்காமல், எந்தப் பண்ணைக்கு எது பொருந்தும் என்று பிரித்துச் சொன்னதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். தங்கள் முறை எங்கே பலிக்காது என்று எழுதுகிற ஆராய்ச்சியாளர்கள் அதிகம் இல்லை.

தட்டு வியாபாரி சொன்ன பாடம்

திருப்பம் வந்தது பதஞ்செருவில். ஹைதராபாத் பக்கத்தில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் சோளம், கம்பு, நிலக்கடலை போன்ற புன்செய்ப் பயிர்களுக்கானது. அங்கிருந்த பொருளாதார அறிஞர்கள் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் சந்தை விலைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். தானிய விலைக்கும் தட்டு விலைக்கும் இருந்த இடைவெளி வரவரக் குறைந்து வந்தது தெரிந்தது. பால் தேவை கூடக்கூடத் தட்டுக்கு மவுசு. கழிவு என்று நாம் ஒதுக்கியது உழவனுக்கு இரண்டாவது மகசூல்.

மாட்டுப் பக்கத்திலும் ஒரு மாற்றம். ஆப்பிரிக்காவில் நைரோபியிலும் அடிஸ் அபாபாவிலும் தனித்தனியே இருந்த இரண்டு சர்வதேச நிறுவனங்கள் 1994-ல் ஒன்றாகி, சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. அதன் விஞ்ஞானிகள் பதஞ்செருவிலேயே வந்து உட்கார்ந்தார்கள். சோள இனவிருத்தியாளரும் மாட்டுத் தீவன விஞ்ஞானியும் ஒரே வளாகத்தில். கேட்பதற்குச் சின்ன விஷயம். நூறு வருஷமாக நடக்காத விஷயம்.

அவர்கள் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஹைதராபாத்தில் பால் மாட்டுக்காரர்களுக்குச் சோளத்தட்டு விற்கிற வியாபாரிகளிடம் போய், எந்தத் தட்டை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று மாதக்கணக்கில் குறித்துக்கொண்டார்கள். மைக்கேல் புளும்மல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் இக்ரிசாட்டின் பொருளாதார அறிஞர் பார்த்தசாரதி ராவும் செய்த ஆய்வு அது, 2006-ல் வெளியானது. வாங்கிய தட்டுகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால், மலிவான தட்டின் செரிமானத் தன்மை சுமார் 47 சதவீதம், விலை கூடிய தட்டு சுமார் 52. வித்தியாசம் வெறும் ஐந்து. அந்த ஐந்துக்காக வாங்குகிறவர்கள் ஏறக்குறைய கால் பங்கு விலை கூடுதலாகக் கொடுத்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல், தண்டை ஒடித்து, மென்று, இலையைத் தடவிப் பார்த்து மாட்டுக்காரன் போட்ட மதிப்பும் ஆய்வுக்கூடம் போட்ட மதிப்பும் ஒன்றாக இருந்தன!

அடுத்த கேள்வி: கதிரும் வேண்டும், நல்ல தட்டும் வேண்டும் என்றால் ஒன்றுக்காக இன்னொன்றை இழக்க வேண்டுமா? நூற்றுக்கணக்கான ரகங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய முறையில் மாட்டின் இரைப்பைத் திரவத்தோடு வைத்து நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது தட்டைப் பொடித்து, அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால் சில நிமிஷத்தில் மதிப்பீடு கிடைக்கிறது. ஒரே அளவு தானியம் தரும் ரகங்களுக்குள்ளேயே தட்டின் தரம் வெகுவாக வேறுபடுவது தெரியவந்தது. அதாவது, தானியத்தை விட்டுக்கொடுக்காமலே நல்ல தட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வு கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2000-களில் சோளத்துக்கான தேசியத் திட்டத்தில் புது ரகங்களின் தட்டுத் தரத்தையும் சோதிக்கத் தொடங்கினார்கள். ஆந்திராவின் அனந்தபூரில் நிலக்கடலை விவசாயிகளோடு சேர்ந்து ரகம் தேர்ந்தெடுத்தபோது, காயோடு கொடியையும் மாட்டுக்குப் போட்டுப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள்.

படிவத்தில் கட்டம் வந்துவிட்டது. 1977-ல் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி, 25 ஆண்டு கழித்து ஆராய்ச்சித் திட்டம் ஆனது.

இன்றைய தம்பி தங்கைகளுக்கு

போன வருஷம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் காலமாகி வெகு நாளாயிற்று. பேரன் இரண்டு கலப்பினப் பசு வைத்திருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் இயந்திரம் அறுத்து, இயந்திரமே உருளையாகக் கட்டிய வைக்கோல் லாரியில் வந்து அவர் வாசலில் இறங்குகிறது. "வைக்கோல் வாங்கித்தானுங்க பாதிக் காசு போகுது" என்றார். விதைக் கடைக்கு அவரோடு போனேன். சோள விதைப் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வயது, பருவம், தானிய மகசூல் எல்லாம் அச்சாகியிருந்தது. "தட்டு எப்படீங்க வரும்?" என்று கடைக்காரரைக் கேட்டார். தாத்தாவின் அதே குரல், அதே கேள்வி. கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் வந்த கட்டம் விதைப்பை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

நிலைத்த வேளாண்மை என்று இன்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். பெரிய வார்த்தை. என் சின்ன அனுபவத்தில் அதற்கு அர்த்தம் இதுதான்: செடி முழுவதையும் கணக்கில் எடுப்பது. தட்டு குறைந்தால் மாடு குறையும், மாடு குறைந்தால் எரு குறையும், எரு குறைந்தால் அடுத்த வருஷம் கதிரும் குறையும். இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் ஆராய்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் என்னைப் போல ஒருவரைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான்.

ஆகவே, இப்போது நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுப் பாத்தியில் அறுவடை செய்யும்போது கதிரை நிறுத்துவிட்டுத் தட்டை வரப்பில் வீசாதீர்கள். அதையும் நிறுத்து எழுதுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். கால்நடைக் கல்லூரியில் படிக்கும் நண்பன் யாராவது இருந்தால் ஒரு கட்டு அவனுக்கு அனுப்பி, "இதை மாடு தின்னுமா, பார்த்துச் சொல்லுடா" என்று கேளுங்கள். கூட்டு ஆராய்ச்சி என்பது கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் மட்டும் தொடங்குவதில்லை. அந்த ஒரு கட்டிலும் தொடங்கலாம்.

அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பிறகும் மூன்று ஆண்டு அதே ஊர்ப் பக்கம் வேலை பார்த்தேன், அவர் வீட்டில் மோர்கூடக் குடித்தேன். வாய் வரவில்லை. மலர்க் குழுத் தம்பிகள் வரலாறு கேட்டார்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போது, அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இத்தனை பக்கம் உங்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று தெரிகிறது.